அம்மா சொன்ன யோசனை

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் வாரம் என் தாயாரின் வாய் பூட்டிக்கொண்டது. இரண்டு நாளாக ஒரு மடக்குக் கஞ்சிகூட உள்ளே போகவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கையைத்தான் பார்த்தார். இடது உள்ளங்கையில் ஒரு கத்திக் காயம், பாதி ஆறியிருந்தது. இரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றார்.

அந்த வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரவேண்டும் என்று ஆண்டவரிடம் மன்றாடினேன். ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விசுவாசிகளாகிய உங்களிடம் மறைத்தால் இது சாட்சியாகாது.

எங்கள் ஊர் மல்லசமுத்திரம் பக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமானார். அம்மா ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி எனும் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவி என்னைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் விடுதியில் தங்கி பி.ஏ. பொருளாதாரம் படித்தேன். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஆலைக் கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. கிழங்குத் தோலின் புளித்த வாடை புடவையில் ஒட்டிவிடும் என்று பயம்.

ஆலைகளுக்கு யோசனை சொல்லும் சென்னைக் கம்பெனி ஒன்று, கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்கு மாணவர்களை எடுப்பதாக எங்கள் கல்லூரி சிஸ்டர் சொன்னார். முதல் சுற்று நேர்முகத் தேர்வு சேலத்திலேயே நடக்கும். விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘வீட்டு நிர்வாகம்’ என்று எழுதினேன். 

அந்தத் தேர்வில் பாடத்தைக் கேட்கமாட்டார்கள். ஓர் ஆலையின் கஷ்டத்தைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சிஸ்டர் மாதிரிக் கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, கண்ணாடி முன் நின்று அவற்றுக்கு இங்கிலீஷில் உரக்கப் பதில் சொல்லிப் பழகினேன். ஓர் ஆலையில் காலையில் வரும் சரக்கு நன்றாக இருக்கிறது, பிற்பகலில் மட்டமாக இருக்கிறது, ஏன்? மூலப்பொருள், இயந்திரம், தண்ணீர், மேற்பார்வை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா என்ன கேள்வி என்று கேட்டார். வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னேன். அம்மா சிரித்தார்.

“இதென்ன சாமி பெரிய கேள்வி? மத்தியானத்துக்கு மேல கத்தி மழுங்கிப் போயிரும். உள்தோலு கெழங்கோடயே நின்னுக்கும், மாவு பழுப்படிக்கும். கூடைக்குத்தான கூலி, கத்தி தீட்ட எந்திரிச்சா கூடை கொறையுமில்ல? எல்லாரும் மிசினத்தான் பாப்பாங்க. கத்தி புடிக்கறவள ஆரு கேக்கறாங்க?”

“இது படிச்சவங்க கேக்கற கேள்விம்மா. கெழங்கு சீவறவளுக்கு இதுல என்ன வேலை?” என்றேன்.

அம்மா தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டு வைத்தார். எனக்கு இறங்கவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும் முகம் கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை கத்தி வழுக்கி அம்மாவின் கையைக் கிழித்தது. கொட்டகையில் எல்லாரும் செய்வதையே அம்மாவும் செய்தார். மாவுத் தொட்டியின் அடியில் படிந்த ஈரமாவை எடுத்துக் காயத்தில் அப்பி, துணி சுற்றிக்கொண்டு மறுபடி சீவ உட்கார்ந்தார். தேர்வைச் சாக்காக வைத்து அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அம்மாவின் கண்கள் திறந்தே இருந்தன, என்னையே பார்த்தன. தாடை மட்டும் திறக்கவில்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்தது. அதனால் அழுவதற்குக்கூட நான் வெளியே போகவேண்டியிருந்தது. செபமாலையைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, தேர்வு வேண்டாம், படிப்பு வேண்டாம். மன்னித்தேன் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரட்டும்” என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அன்று மாலையே அம்மா போய்விட்டார். சொல் வரவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் செபமாலையை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். கேட்டதைத் தராதவரிடம் எனக்கு என்ன பேச்சு?

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் எங்கும் போகக்கூடாது என்றார்கள் உறவினர்கள். ஆனால் அம்மா சீவிய கிழங்கில்தான் நான் படித்தேன். தேர்வுக்குப் போகாமல் இருக்க மனம் வரவில்லை. புறப்படும்போது பானையிலிருந்து செபமாலையை எடுத்தேன். ‘நான் கேட்டது உமக்கு ஞாபகம் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டேன். அதுதான் அன்றைய செபம்.

தேர்வு அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர் புது இயந்திரம் போட்டும் சரக்கு பழுப்பாகவே வருகிறது, முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“முதலில் தோல் சீவும் பெண்களைக் கேட்பேன்” என்றேன். கத்தி, உள்தோல், கூடைக் கூலி என்று அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் இருந்தவர், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். என் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது.

“எங்கள் அம்மா சொன்னது. அந்தத் தாளில் நான் எழுதியிருப்பது பொய். அவர் கிழங்குத் தோல் சீவியவர். அந்தக் கத்தி பட்டுத்தான் பதினெட்டு நாளைக்கு முன்னால் இறந்தார்.”

 ஒருவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். பூட்டிய வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆலைக் கொட்டகைக்குப் போனேன். அம்மாவின் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து சீவிய பாப்பாத்தியக்கா, கத்தியைக் கீழே வைத்தார்.

“இங்கிலீசெல்லாம் பேசி முடிச்சாச்சா கண்ணு? என்ன கேட்டாங்க?”

கேள்வியைச் சொன்னேன், பதிலையும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதையத்தான அந்தத் திங்கக்கெழம பூராவும் உங்கம்மா பேசிட்டிருந்தா. ‘எம்புள்ள எங்கிட்ட யோசன கேட்டுச்சு’ன்னு. ‘கோவத்துல ஒரு வார்த்த சொல்லிப்புட்டு, அதையே நெனச்சுட்டுச் சோறு உங்கல, பட்டினியாப் போச்சு, பாவம், எனக்கொண்ணும் மனசுல இல்லீன்னு அடுத்த சனிக்கெழம வந்தாச் சொல்லோணும்’ன்னு. பெருமையில கையச் சீவிக்காதடின்னு நாந்தான் கேலி பேசினேன் சாமி. சொல்லி வாய மூடல, கத்தி வழுக்கிருச்சு.”

அம்மா உட்கார்ந்து சீவும் மணைக்கட்டை காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்து அழுதேன். நான் மன்றாடிக் கேட்ட சொல், கேட்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. நான் மிதிக்கக் கூசிய இடத்தில் அது எனக்காகக் காத்திருந்தது.

முதல் சுற்றில் தேறினேன். சென்னையில் நடந்த இரண்டாம் சுற்றில் என்னை எடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இப்போது எந்தத் தாளிலும் அம்மாவின் தொழிலை உள்ளபடி எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். அங்கே நான் வாங்கி வைத்த சாணைக்கல்லும் டிங்சர் புட்டியும் இருக்கின்றன. பெண்களின் கத்திகளை நானே தீட்டிக் கொடுக்கிறேன்.

கேட்ட சொல்லைக் கொடுத்தார், அம்மாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டவருக்குத்தான் தோத்திரம் சொல்கிறேன்.  உங்கள் செபத்துக்குப் பதில் இல்லை என்று தோன்றினால், செபமாலையைப் பானையில் போட்டு மூடிவிடாதீர்கள். போக வெட்கப்படும் இடம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். அவரை நம்பி அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.