அத்தை பிடித்த சொறி மீன்

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை எங்கள் சபையார் வேன் பிடித்துக் கோவளம் கடற்கரைக்குப் போவது வழக்கம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பிக்னிக்குக்கு அவங்களும் வராங்க" என்பார்கள். அந்த வருடம் 'அவங்க' பல்லாவரத்திலிருந்து வந்திருந்தார்கள்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் வந்தவர் கால் நனைக்கவே பயந்தார் என்று வேண்டாமென்றவள். இந்த முறை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்பா காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

பெரியவர்கள் பிரியாணி அண்டாவைச் சுற்றி உட்கார்ந்ததும், அத்தை என்னை இழுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். ஈர மணலில் ஒரு சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், ஒதுங்கிக் கிடந்தது. டிபன் பாக்ஸ் மூடியால் அதைப் பதமாக அள்ளினாள். கண்ணாடிக் குடை போன்ற உடல். உள்ளே குதிரை லாட வடிவில் நான்கு வளையங்கள். கண்கள் என்று நினைத்தேன். முட்டை உருவாகும் இடமாம். மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பும் இல்லை. அடியில் ஒரே வாய். தின்பதும் கழிப்பதும் அதன் வழியாகவே. விளிம்பில் இமைமயிர் போலத் தொங்கியவற்றில்தான் விஷம்.

"பட்டா கொசு கடிச்ச மாதிரி லேசா அரிக்கும், அவ்ளோதான்" என்றாள்.

அப்போது பல்லாவரத்துக்காரர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "தொடலாமா?"

"ஐயோ, நெருப்பு மாதிரி எரியும். நாலு நாள் ஆபீஸ் போக முடியாது. பயமா இருந்தா அங்க போய் உக்காருங்க" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல அங்கிள், கொசுக்கடி மாதிரிதான்! இப்பதான் அத்தையே சொன்னாங்க."

அத்தை என் இடுப்பில் கிள்ளினாள். அவர் குந்தி உட்கார்ந்து, மணிக்கட்டை அந்த விளிம்பில் மெல்ல உரசினார். சற்று நேரத்தில் சிவப்பாக ஒரு கோடு எழும்பியது.

"எரியுதா?" என்றாள் அத்தை.

"எரியுது மேடம். நீங்க சொன்ன அளவுக்கு இல்ல. ஆனா பாப்பா சொன்னதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

அத்தை சிரித்துவிட்டாள். "நல்ல தண்ணி ஊத்திடாதீங்க, இன்னும் எரியும்" என்று கடல்நீரை அள்ளி அள்ளி அவர் கையில் விட்டாள்.

திரும்பும் வழியில், வேன் கேளம்பாக்கம் தாண்டியதும், "சரின்னு சொல்லிடுங்கண்ணா" என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மா உடனே பாட்டெடுக்க, வேன் முழுக்கச் சேர்ந்து பாடியது. நான் மட்டும் பாடவில்லை. நடத்திய பாடத்தை அரை நிமிடத்தில் மாற்றிச் சொல்பவளைக் கல்லூரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு.