படுத்தால்தான் காய்ச்சல்

அற்புதம் கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரமாட்டார். டெங்குப் பரிசோதனை அட்டையின் குழியில் ரத்தநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் அதற்கு முதுகு காட்டித் திரும்பிவிடுவார். கால் மணி நேரம் கழித்துத்தான் எடுப்பார். "பாத்துக்கிட்டே இருந்தா இல்லாத கோடும் தெரியுமுங்க."

ஏற்காட்டில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனை அறை. சன்னல் சரியாக மூடாது; பனி உள்ளே வரும். வருகிறவர்களின் குளிர்ந்த கையைத் தன் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்து, நரம்பு எழுந்த பின்தான் ஊசி. காப்பி எஸ்டேட் ஆட்களுக்கு அவர் ரத்தக்காரம்மா. அப்படிக் கூப்பிட்டாலும் "என்னங்க?" என்றே கேட்பார்.

முன்பெல்லாம் "காய்ச்சல் எத்தன நாளு?" என்று மட்டும் கேட்பார். தலைச்சோலை மாதையன் இரண்டு நாள் என்றார். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்கு ஓர் அட்டை. அதன்பின் நோய் இருந்தாலும் அதில் கோடு விழாமல் போகலாம். வேறு அட்டை வேண்டும். மாதையனுக்கு முதல் அட்டையை வைத்தார். கோடு விழவில்லை. ஊருக்குப் போனவர் மறுநாள் இறந்தார். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவர் மனைவி சொன்னார்: "அதுக்கு முன்னால நாலு நாளு மேலு சுடச்சுடக் காப்பிப் பழம் பறிச்சாருங்க. வேலைக்குப் போற ஆளுக்கு ஏதுங்க காய்ச்சலு?" அற்புதம் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே திரும்பினார்.

போன கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை, நாகலூர் பூவாயி வந்தார். அவரும் இரண்டு நாள் என்றார்.

"படுத்து ரெண்டு நாளா, மேலு சுட்டு ரெண்டு நாளா?"

"போலீசுகூட இத்தன கேக்காதுங்க. ஞாயித்துக்கெழமச் சந்தையிலயே சுட்டுதுங்க. படுத்தது நேத்தும் முந்தாநேத்தும்."

அற்புதம் விரல் விட்டு எண்ணினார். ஆறாம் நாள். இரண்டாவது அட்டையையும் எடுத்தார். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கோடு, மெலிதாக. ரத்தத் தட்டணுக்கள் நாற்பதாயிரத்துக்கும் கீழே. டாக்டர் உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னார். சீட்டோடு வெளியே வந்தால் பெஞ்சில் ஆளில்லை.

வாசலில் நாகலூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பூவாயி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

"எறங்குங்க."

"காலையிலயே வேர்த்து விட்டுருச்சுங்க. தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்குது. நாளைக்குப் பழம் பறிக்கப் போவலைன்னா எஸ்டேட்டு ரைட்டரு வேற ஆளப் போட்டுருவாரு."

"காய்ச்சலு விட்டப்பறந்தானுங்க இது ஆள அடிக்கும்."

"காய்ச்சலு இல்லாதவளுக்கு என்னத்துக்குங்க பெட்டு?"

"ரத்தக்காரம்மா, ஊசிய பஸ்ஸுலயே போட்டுருங்க, நேரமாவுது" என்றார் கண்டக்டர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அற்புதம் பூவாயியின் ரவிக்கையின் இடது கையை மேலே தள்ளினார். ரத்தம் எடுக்க ரப்பர் குழாய் கட்டியிருந்த இடத்தைச் சுற்றித் தோலுக்கடியில் ரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகள், கேழ்வரகைத் தூவியதுபோல. பூவாயி குனிந்து பார்த்தார். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.



அற்புதம் பூவாயியின் கையிலிருந்த ஒயர் கூடையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மருத்துவமனைப் படியேறினார்.