வலப்பக்கம் திரும்பிய கொக்கி

ஆஸ்பத்திரியின் துணி அறைக்கு ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதன் கீழே தையல் மெஷின், அதற்கு எதிரே இஸ்திரி மேஜை. மெஷினில் உட்காருகிறவளைப் பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலங்கியின் காலரில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருப்பதால் வந்த பெயர் அது. நாக்கும் ஊசிதான் என்று ஆயாக்கள் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. கிழிந்த தலையணை உறைகளையும் கயிறு அறுந்த ஆபரேஷன் அங்கிகளையும் தைத்தே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "நேரம் கிடைக்கல, உங்க சட்டையெல்லாம் யாரு தைக்கிறது?" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இஸ்திரிக்காரி அவளுக்கு ஆறு வயது இளையவள். இருபத்தாறு வருடமாக ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே டீ பிளாஸ்க். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை ஓயாது இருவருக்கும். கூடப்பிறந்தவர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள் என்று ஊரே சொன்னது. ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

அன்று டாக்டர்கள் விடுதியிலிருந்து வந்த மூட்டையில் ஒரு பனியன் இருந்தது. செங்கல் நிறம். மார்பில் வெள்ளைக் கொக்கி, முனை வலப்பக்கம் திரும்பியது. இஸ்திரிக்காரி அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு உள்பக்கத்தை வெளியே இழுத்துத் திருப்பிப்போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்த இடத்தையே நாலு தடவை தேய்த்தாள்.

"புதுசா வந்த டாக்டர் பொண்ணோடது" என்றாள். "அது பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. கடையில அழகா இருக்குன்னு வாங்கியிருக்கும், பாவம்."

ஊசியக்கா மறுபேச்சுப் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருபத்தாறு வருடப் பயிற்சி இருந்தது.

அந்தக் கொக்கி பிறந்தது அவள் கையில்தான்.

முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அவளுடைய அண்ணன் அவர்களில் ஒருவன், இருபத்துமூன்று வயது. ஊர்வலத்துக்குக் கொடி வேண்டும் என்று செங்கல் நிறத்தில் ஒரு துணியோடு வந்தான். மூட்டையைக் குத்தி இழுக்கும் தன் இரும்புக் கொக்கியை வெள்ளைத் துணிமேல் வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து கொடுத்தான். வலது கையில் பிடித்தால் முனை இடப்பக்கம் திரும்பி நிற்கும். துறைமுகத்தில் கிடங்குச் சுவரிலிருந்து அடையாள அட்டைவரை எங்கே கொக்கி வரைந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, தையல் பழகிய புதிது. சாக்பீஸ் கோடு வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று கோடு போட்ட பக்கத்தைக் கவிழ்த்து வைத்துத் தைத்தாள். தைத்து முடித்து விரித்தால் கொக்கி வலப்பக்கம் பார்த்தது.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இடதுகைக்காரன் கொக்கி ஆயிடுச்சே. சரி விடு, பிரிச்சுத் தைக்க நேரமில்ல. நீதான் தைச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாத, உன்னையும் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

மூன்றாம் நாள் துறைமுக வாசலில் போலீஸ் சுட்டது. அவனோடு கொடியும் தரையில் கிடந்தது. கேட்ட கூலி பிறகு கிடைத்தது. ரத்தக்கறையோடு அந்தக் கொடியைச் சங்கக் கட்டடத்து மாடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் அம்மா போய் அதன் முன்னால் நின்று அழுதுவிட்டு வருவாள். அதுவரைக்கும் அது நல்ல கொடி. அதை யாரும் பழித்ததில்லை.

ஒன்பது வருடம் கழித்துத் துறைமுகத்தில் வேலை குறைந்தது. ஆற்றின் அந்தக் கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் காரணம் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். பேசினவர்களில் பாதிப் பேர் மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்களுக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது, தியாகி ஒருவன் வேண்டியிருந்தது. மாடியேறி அந்தக் கொக்கியைப் பார்த்து, அதே அளவில் தகரத்தில் அச்சு வெட்டினார்கள். ஒரே வாரத்தில் அக்கரைக்காரர்கள் குடியிருந்த வீட்டுக் கதவுகளிலெல்லாம் வெள்ளைக் கொக்கி விழுந்தது, ஒன்றுவிடாமல் வலப்பக்கம் திரும்பியது. அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் கதவுகளை உடைத்தார்கள், ஆண்களை இழுத்துப்போனார்கள். அதன் பிறகு அரசாங்கம் கொடியைத் தடை செய்தது. போலீஸ் வருவதற்கு முன்னால் சங்கச் செயலாளர் அதைச் சட்டத்திலிருந்து உருவி, செய்தித்தாளில் சுற்றி இவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். அன்று இவள் பெட்டிக்குள் போனது, பிறகு வெளியே வரவில்லை.

இஸ்திரிக்காரி வேலைக்குச் சேர்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அக்கரைப் பெண். சேர்ந்த முதல் மாதத்திலேயே, போர்வை மடித்தபடி, தன் கதையைச் சொல்லிவிட்டாள்.

"அவரும் மூட்டை தூக்கறவர்தான் அக்கா. வந்து நாலு மாசம்தான் ஆச்சு. சங்கத்து மாடிக்கெல்லாம் எங்காளுங்கள விடமாட்டாங்க. கதவுல கொக்கியைப் பார்த்ததும் நான் புள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவர் நின்னு பார்த்தார். 'கொக்கி திரும்பி இருக்கு பாரு. அதைக் கையில பிடிச்சவன் எவனும் இப்படி வரையமாட்டான். துறைமுகத்து ஆளுங்க வேலை இல்ல இது, எவனோ விளையாடியிருக்கான். நீ வேணா ரெண்டு நாள் உங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வா' அப்படின்னார். மறுநாள் சாயங்காலம் வந்துட்டாங்க."

போர்வையின் அடுத்த முனையைப் பிடித்திருந்த ஊசியக்கா அதை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நாள் ஆக ஆக, சொல்லாமல் இருந்ததும் குற்றக் கணக்கில் சேர்ந்துகொண்டது. இவளை இழந்துவிட்டால் தனக்கென்று பேச ஒரு ஆள் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். கோழை என்று அவளைச் சொல்வது சுலபம். சொல்லுகிறவர்கள் முதலில் அவரவர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

பனியன் வந்த மறுவாரம் நகர அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் அவளுடைய வீட்டுக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடி, இனிமையான பேச்சு. தடை நீங்கிப் பல வருடம் ஆகிறதாம். துறைமுகத்தின் கதையைக் கண்காட்சியாக வைக்கிறார்களாம். முதல் கொடி யாரிடம் இருக்கிறது என்பதைச் சாகும் முன்னால் செயலாளர் சொல்லிவிட்டாராம். கொடியோடு மாட்டப்போகும் அட்டையின் வாசகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். 'கொக்கியின் முனை வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திரும்பியிருப்பது, விடியலை நோக்கிய தொழிலாளர்களின் பயணத்தைக் குறிக்கிறது.'

ஊசியக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே அண்ணன் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. ஒரு வாரம் டயம் கேட்டாள்.

அந்த வாரத்தில் அவள் நினைக்காதது இல்லை. கொளுத்திவிடலாமா என்று பார்த்தாள். அண்ணன் கடைசியாகப் பிடித்த பொருள் அது, மனசு வரவில்லை. கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா என்றால், பத்திரிகையில் படம் வரும், இஸ்திரிக்காரி பார்ப்பாள். தன் வாயால் சொல்லவேண்டும், இல்லையென்றால் ஊர் வாயால் அவள் கேட்கவேண்டும்.

மதியம் சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும் சொல்லிவிட்டாள்.

"உன் வீட்டுக் கதவுல இருந்த கொக்கி ஏன் திரும்பியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். முதல் கொடியைத் தைச்சது நான். சாக்பீஸ் கோடு தெரியக்கூடாதுன்னு கவுத்து வச்சுத் தைச்சேன், திரும்பிடுச்சு. அதைப் பார்த்துத்தான் அச்சு வெட்டினாங்க. கொடி என் வீட்டுலதான் இருக்கு. நீ உன் கதையைச் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்ல தைரியம் வரல."

இஸ்திரிக்காரி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நேரா தைச்சிருந்தீங்கன்னா, அவர் எங்ககூடக் கிளம்பியிருப்பாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்று மழுப்பியிருக்கலாம். இரண்டுமே வாய்வரை வந்தன.

"கிளம்பியிருப்பார்" என்றாள் ஊசியக்கா.

இஸ்திரிக்காரி சுவிட்சை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. தேய்க்காத துணி மலையாகக் குவிந்தது. மேஸ்திரி வந்து சத்தம் போட்டபோது, "எனக்குத்தான் உடம்பு சரியில்ல, அவளுக்கு இல்ல" என்று ஊசியக்கா சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள், சொன்னபடி அருங்காட்சியகத்துப் பெண் துணி அறைக்கே வந்தாள். ஊசியக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கொடியை மேஜையில் விரித்தாள். நிறம் மங்கியிருந்தது, கறை மட்டும் மங்கவில்லை.

"உங்க அட்டை தப்பு" என்றாள். "விடியலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தைக்கத் தெரியாம தைச்சேன். அதையே பார்த்து அக்கரை ஜனங்க வீட்டுக் கதவுல வரைஞ்சாங்க. அதையும் எழுதணும். எழுதினாத்தான் கொடி தருவேன்."

அந்தப் பெண் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வேலைநிறுத்தம் ஒரு அறைம்மா. நீங்க சொல்றது வேற காலம். அதுக்கு இன்னும் அறை முடிவாகல."

"அதே துணிதானே?"

குரல் வாசலிலிருந்து வந்தது. இஸ்திரிக்காரி நின்றிருந்தாள். மூன்று நாள் தூங்காத முகம். உள்ளே வந்து கொடியைக் கிட்டே நின்று பார்த்தாள், கறையையும் கொக்கியையும். தொடவில்லை.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல அக்கா" என்றாள். "இன்னும் மனசு ஆறல. ஆறுமான்னும் தெரியல." பிறகு அருங்காட்சியகத்துப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "போலீஸ்ல அவரைப் பத்தி எழுதிக்கல. சங்கத்துலயும் எழுதிக்கல. உடம்பு கிடைக்கல, அதனால கல்லும் வைக்கல. அவரு இருந்தார்ங்கறதுக்கு எங்கயும் ஒரு வரி கிடையாது. இந்த அட்டையிலதான் அதுக்கு இடம் இருக்கு. கூட வேலை செஞ்சவங்க இப்படிச் செய்யமாட்டாங்கன்னு கடைசிவரை நம்பினார்னு எழுதுங்க."

அந்தப் பெண் ஊசியக்காவைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"அவர் பேரு என்னம்மா?"

இஸ்திரிக்காரி சொன்னாள். எழுத்தில் தப்பு வந்துவிடக்கூடாது என்று இன்னொரு தடவை நிறுத்திச் சொன்னாள். இத்தனை வருடமும் 'அவர்', 'வீட்டுக்காரர்' என்று மட்டுமே கேட்டிருந்த ஊசியக்காவுக்கு, அவர் பெயர் அன்றுதான் தெரிந்தது.