பேப்பர் தட்டு

கிறிஸ்துமஸுக்காகக் கனடாவிலிருந்து மைசூருக்கு வந்திருந்தோம். மண்டி மொஹல்லாவில் பெரியம்மாவின் வீடு கொள்ளாத அளவுக்குச் சொந்தபந்தம். கழுவுகிற பாத்திரம் குறையட்டுமென்று எதிர்வீட்டு அம்மாவுக்குப் பலகாரத்தைப் பேப்பர் தட்டில் கொண்டுபோனேன். மெலிந்த உருவம், பெரிய குங்குமப் பொட்டு. யார் எதை நீட்டினாலும் முதலில் கைகளை முந்தானையில் துடைத்துக்கொள்வார். அன்றும் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

“தட்டைத் திருப்பித் தர வேண்டாங்க, தூக்கிப் போட்டுடுங்க,” என்றேன், ஏதோ உபகாரம் செய்வதுபோல.

“சரிம்மா,” என்றார், தட்டையே பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலையில் வந்தார். கையில் அதே தட்டு. கழுவிக் காயவைத்ததில் விளிம்பெல்லாம் நெளிந்திருந்தது. நடுவில் ஒரு பிடி சர்க்கரை.

“வெறுந்தட்டாத் தரக் கூடாதில்லம்மா.”

சர்க்கரையை டப்பாவில் கொட்டினேன். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூசி நின்றேன்.