லாரிக்கு மூக்கு வைத்த கதை

எங்கள் லாரிக்கு மூக்கு வைத்தது, அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்த வருஷத்தில். பேசாமல் இருந்தார்கள் என்றால் ஏதோ முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். உப்பு இருவருக்கும் நடுவில்தான் இருக்கும். ஆனால் எதிரில் இருக்கும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் எழுந்து சுற்றி வந்து எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் வேறு எதற்கும் என்னைக் கூப்பிடாத காலம் அது. அந்த உத்தியோகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஜோகுபாளையத்தில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்தச் சின்ன லாரிதான் வீட்டுக்குப் பிழைப்பு. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப்போய் இறக்குவது. எலெக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்கென்று வந்தவர்களுக்கு ஒரு வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரிக்காது. அவர்கள் புண்ணியத்தில் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

முந்தைய மழையில், யாருடைய ஃபிரிட்ஜையோ ஏற்றிக்கொண்டு போன லாரி ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கியது. எஞ்சின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றது. ஓட்டியவர் சித்தப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பா. ஓட்டினது யார் என்பது அப்பாவின் கட்சி. போ போ என்றது யார் என்பது சித்தப்பாவின் கட்சி. எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டிவிட்டார்கள். பேச்சு மட்டும் பிரித்துப் போட்டபடியே கிடந்தது.

அடுத்த மழைக்குள் லாரிக்கு ஒரு மூக்கு வைப்பதென்று சித்தப்பா முடிவு செய்தார். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் தண்ணீர் குடிக்கிறது. ஒரு குழாயை மாட்டி அந்த வாயைக் கேபின் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டால், இடுப்பளவு தண்ணீரிலும் லாரி மூச்சு முட்டாமல் போகும். இதை எனக்கு விளக்கிய கையோடு, அப்பா காதில் விழும்படி இன்னொன்றும் சொன்னார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. பைப் வேலை முடிஞ்சதும் நான் கெளம்பறேன். எலெக்ட்ரானிக் சிட்டில கம்பெனி கேப் ஓட்ட ஆள் கேக்கறாங்க. ரூமும் பாத்துட்டேன்."

"போறவங்க போலாம்னு சொல்லு" என்றார் அப்பா.

இரண்டையும் ஒரு எழுத்து குறையாமல் சேர்ப்பித்தேன். அம்மா மட்டும் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பாவுக்கு டவுசர் வயது. தலைவாரி, டிபன் கட்டி அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். நான் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்திருந்தது என்று அவள் சொல்வாள். எனக்கோ சித்தப்பா போவதைவிட லாரிக்கு மூக்கு வருவதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

மூக்கு என்பது, குழாய்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பைப். வளைவுக்கு எல்போ. இரண்டையும் சேர்க்குமிடத்தில் பழைய டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர், அதை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப். இலை தழை உள்ளே போகாமல் இருக்க ஒரு வடிகட்டி வேண்டியிருந்தது. அம்மாவின் டீ வடிகட்டியை எடுத்து, கைப்பிடியை வெட்டி, உள்ளே பொருத்திவிட்டார்கள். அம்மாவைக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அம்மா ஒரு வெள்ளைத் துணியில் டீ வடிகட்ட ஆரம்பித்தாள். இரண்டே நாளில் அது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

சித்தப்பா தனியாகச் செய்திருப்பார். ஆனால் தன் லாரியை இன்னொருவர் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அப்பாவால் முடியாது. ஆகவே கீழ்ப்பாதி அப்பாவுடையது, மேல்பாதி சித்தப்பாவுடையது என்று ஆகிவிட்டது. அப்பா லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். சித்தப்பா பின்பக்கம் ஏறி நிற்பார். நான் இடையில் ஓடிக்கொண்டிருப்பேன்.

வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு நாள் போயிற்று.

"முன்னாடி பாத்து வெச்சா மழை உள்ள போவும்னு சொல்லு" என்றார் அப்பா.

"பின்னாடி வெச்சா காத்து எப்பிடி வரும்னு கேளு."

"எஞ்சினே இழுத்துக்கும், நாம ஊட்டி விடணுமானு கேளு."

சித்தப்பா வாயைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். அப்பா அன்று எனக்கு பேக்கரியில் காரா பன் வாங்கிக் கொடுத்தார். வெற்றி அவருடையது, பன் எனக்கு.

பிறகு சோதனை. எஞ்சின் ஓடும்போது நான் கூரைமேல் உட்கார்ந்து மூக்கின் வாயை மூட வேண்டும். என் கை போதாது என்று சாப்பிடும் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார்கள். மூடினேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கீழே பார்த்தால் இரண்டு பேர் முகமும் தொங்கிப்போயிருந்தது. வாயை மூடியும் ஓடுகிறதென்றால் வேறெங்கோ ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது என்று அர்த்தமாம். அந்த ஓட்டை மேலே என்றார் அப்பா. கீழே என்றார் சித்தப்பா. இரண்டு இடத்திலுமே இருந்தது. தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாததுபோல, அடைத்தார்கள்.

மறுபடி மூடினேன். இந்த முறை தட்டு பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இருமியது, திணறியது, அணைந்துபோனது. லாரியைக் கொன்றுவிட்டேன் என்று நான் அழ ஆரம்பித்தேன். ஆனால் லாரிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் இந்தப் பக்கம் சித்தப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் இருந்ததால் இரண்டு சிரிப்பையும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் அம்மாவிடம் என் மூக்கைப் பிடித்து நடித்துக் காட்டினேன்.

"மூக்க மூடினா லாரி செத்துடும்மா. அப்பிடி செத்தாதான் வேலை சரியா முடிஞ்சிதுன்னு அர்த்தமாம்."

"வேலை முடிஞ்சிதா" என்றாள் அம்மா. பூ கட்டிக்கொண்டிருந்தவள் நூலைக் கீழே வைத்தாள். பிறகு, "தட்டாலதான் மூடணுமா?" என்று கேட்டாள்.

எது வைத்தாலும் சரிதான், காற்று போகக்கூடாது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதில் எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா தன் சாமான்களை லாரியில் ஏற்றினார். கட்டில், மெத்தை, தகரப் பெட்டி, மேஜை விசிறி. ஊரார் வீட்டையெல்லாம் ஏற்றி இறக்கிய லாரியில் எங்கள் வீட்டுச் சாமான் ஏறுவது அதுதான் முதல் தடவை. மெத்தையைக் கேபினை ஒட்டி நிமிர்த்தி வைத்ததில் மூக்கின் வாய் அதற்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அப்பா வாசலில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஆனால் சித்தப்பா கயிறு கட்டிய லட்சணத்தைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்டினார். தம்பி போவது அவருக்குச் சம்மதம். கட்டில் ஆடிக்கொண்டு போவது சம்மதம் இல்லை.

"ஒரு வாய் டீ குடிச்சுட்டு போப்பா" என்றாள் அம்மா. "வடிகட்டற துணியத்தான் காணோம். தேடறேன், இரு."

"பரவால்ல அண்ணி, லேட்டாவுது" என்று சித்தப்பா ஏறி உட்கார்ந்தார். அவர் என் கன்னத்தைக் கிள்ளியபோதுதான் ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் இருக்கமாட்டார் என்பது எனக்கு உறைத்தது. உப்பு கேட்க ஆள் இருக்காது. 

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு உறுமல் உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அணைந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா கோலமாவோடு நின்று, "ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சென்று கேட்டாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அவங்கிட்ட சொல்லு, மேல ஜாயிண்ட்டு விட்டுகிச்சு."

"கீழ கிளாம்பப் பாக்கச் சொல்லு."

நான் பாதி வழிதான் போயிருப்பேன்.

"டேய், கிளாம்ப் நான் போட்டது. அது எப்பிடிடா விடும்?"

"அப்ப என் ஜாயிண்ட்டு மட்டும் விடுமா அண்ணா?"

நான் அப்படியே நின்றேன். சொல்லச் சொன்னது என் வாயிலேயே இருந்தது. அதைக் கேட்க யாரும் இல்லை. என் உத்தியோகம் அந்த இடத்திலேயே போயிற்று.

அதன் பிறகு தெருவே கேட்கும்படி பேசினார்கள். கிளாம்பில் தொடங்கி, எல்போவுக்கு ஏறி, கடைசியில் அந்த ரயில் பாலத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

"தண்ணில எறக்கினது யாரு?"

"போலாம், ஆழம் இல்லன்னு சொன்னது யாரு?"

"நான்தான்டா சொன்னேன். நான் சொன்னா நீ எறக்கிடுவியா? உனக்குப் புத்தி வேணாமா?"

"நீ சொன்னா வேற இன்னா பண்றது நான்?"

அப்பா லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கிருந்தே, "பதினாலு நம்பர் ஸ்பானர் குடு" என்றார். சித்தப்பா கொடுத்தார்.

கீழ்ப்பாதியில் குற்றம் இல்லை. மேல்பாதியைப் பார்க்க வேண்டுமானால் மெத்தையை எடுக்க வேண்டும். மெத்தையை எடுக்கக் கட்டில் நகர வேண்டும். கட்டில் நகர, அப்பா கட்டிய கயிறு அவிழ வேண்டும். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் தெருவில் இறக்கினார்கள். கூரைமேல் ஏறிப் பழகியவள் நான் என்பதால் என்னை ஏற்றிவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். மூக்கின் வாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். செங்கல் நிறத் துணி.

"அம்மா, டீத் துணி இங்க கீது" என்று கத்தினேன். "காக்கா தூக்கினு வந்து போட்டுகிது."

அப்பா துணியை வாங்கிப் பார்த்தார். நாலாக மடித்து, இறுக்கிச் சுருட்டி, எஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடாதபடி சுற்றிலும் பூ கட்டும் நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா அந்த முடிச்சை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இருவரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"காக்காதான்" என்றார் அப்பா.

"ஆமாண்ணா, காக்காதான்" என்றார் சித்தப்பா. 

"துணியக் குடுத்துட்டு உள்ள வாங்க. டீ போடணும்" என்றாள் அம்மா.

துணியை அலசி அவள் வடிகட்டிய டீயில் டீசல் வாசனை அடித்தது. எல்லாரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு அப்பா கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார், சித்தப்பா கால்மாட்டைப் பிடித்தார். கட்டில் உள்ளே போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டி அறையைப் பற்றி அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. மழை வந்தபோது லாரி மூக்கை நிமிர்த்திக்கொண்டு தண்ணீருக்குள் போய் வந்தது.

எனக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. என் வேலையைப் பறித்தது அந்தக் காக்கைதானே. மதில்மேல் எது வந்து உட்கார்ந்தாலும் கல்லை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து, கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு பிடி சோற்றைக் கொடுத்து, "அதுக்கு வை, பாவம்" என்பாள். சித்தப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் தட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் கொடுப்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே வைப்பேன். காக்கைக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.