சத்தம் போன டிவி

என் மகள் டிவியில் எழுத்து கற்றுத்தரும் நிகழ்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம், அவள் படிக்கிறாளா அல்லது கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பார்க்க விடலாமா, நிறுத்திவிடலாமா என்று ஒரே நாளில் நான்கு முறை மனம் மாறுகிறேன். சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அந்த வயதில் நானே ஊரை ஏமாற்றியவள்.

படாளத்தில் எங்கள் வீட்டு டிவியில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி வரும். துணியால் செய்த கிளி ஒன்று "படகு" என்று கத்தும். உடனே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். மஞ்சள் புடவை டீச்சர் குச்சியால் அவற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, என்னையே பார்த்துக் காத்திருப்பார். நான் "படகு!" என்பேன். கடைசியில் படகின் படம் வரும். டீச்சர் கை தட்டுவார். எனக்குத்தான் தட்டுகிறார் என்று உறுதியாக நம்பினேன். ஐந்து வயதிலேயே நான் எல்லாம் படிப்பதாக அம்மாவும் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் சித்தப்பா எங்கள் ஊர் பஸ்ஸின் பலகையைக் காட்டி, "எங்க, படி பாக்கலாம்" என்றார். பக்கத்தில் முருகன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் "திருப்போரூர், திருப்போரூர்" என்று கூவிக்கொண்டிருந்தார். நான் தயங்காமல் "திருப்போரூர்" என்றேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி, இது கண்ணால படிக்கல, காதால படிச்சிகினு கீது. இத்த நம்பி பஸ் ஏறினா மொட்ட போட்டுகினுதான் வூடு திரும்பணும்."

அம்மா சிரிக்கவில்லை. பள்ளி திறந்ததும் எல்லாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். படிக்காதவர்கள் மறுபடி யுகேஜியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதற்கு ஒரு மாதம்தான் இருந்தது.

மறுநாள் மாலை டிவியில் சத்தம் போய்விட்டது. கிளி வாயைத் திறந்து திறந்து மூடியது. எழுத்துகள் வந்தன. டீச்சர் காத்திருந்தார். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அழுதேன்.

"கிளி இன்னாம்மா சொல்லுச்சி?"

"எனக்கும்தான் கேக்கல. குச்சி எங்க தொடுதுன்னு பாரு."

மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு வந்து டிவியின் பின்பக்கத்தைக் கழற்றினார். அம்மா டீ கொடுத்தபடி அவர் காதில் ஏதோ சொன்னாள். கழற்றியதை அப்படியே மாட்டிவிட்டு, "உள்ள ஒரு சாமான் கருகிப் போச்சி. மெட்ராஸ்லேருந்து வரணும், ஒரு மாசம் ஆவும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் வாரம் குத்துமதிப்பாகச் சொன்னேன். மாடு என்றால் மீன் வந்தது. பிறகு வேறு வழியில்லாமல் குச்சியைப் பார்த்தேன். ஒருநாள் படம் வருவதற்கு முன்பே "வண்டி" என்றேன். வண்டிதான் வந்தது. அம்மா கத்தரிக்காய் அரிவதை விட்டுவிட்டு என் தலையைப் பிடித்து ஆட்டினாள். எட்டு மணிக்கு அவளுடைய தொடர் வரும். அதையும் அவள், நடிப்பவர்களின் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் மடியில் படுத்துக்கொண்டு பார்ப்பேன்.

பள்ளியில் அட்டையைக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டி "தட்டு" என்று படித்தேன். ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

அன்று மாலை அம்மா ஸ்டூலில் ஏறி ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள். கிளி கத்தியது. நான் பாஸான சந்தோஷத்தில் டிவிக்கும் உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தொடரில் ஒரு மாதமாக என்ன நடந்தது என்று கேட்டாள்.

"ஏன்க்கா, உன் கதைக்காவது அந்தப் பட்டன அமுக்கிக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

"இவ முழிச்சிகினு இருப்பாளே" என்றாள் அம்மா.

நான் முழித்திருப்பதற்கும் டிவியின் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.