ஆணி அடிக்க முடியாத வளவு

ஹோர்சன்ஸ் நகருக்கு அருகே, அகதியாக வந்து நாங்கள் குடியிருக்கும் கிராமத்தில் தேவாலய மணி காலையும் மாலையும் தவறாமல் அடிக்கும். ஒருவரும் போகமாட்டார்கள். வந்த புதிதில் நானும் மனைவி ரஞ்சியும் உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. பொழுது விடிவதற்கும் படுவதற்கும் அடிக்கிற மணியாம். வேதக்காரரின் நாடென்று நம்பி வந்தவனுக்கு அன்றைக்கே தலை சுற்றத் தொடங்கியது.

அந்தத் தேவாலயத்தைச் சுற்றியுள்ள வளவில்தான் எங்கள் மகளைப் புதைத்தோம். பிறந்து ஒரு கிழமைகூட இருக்கவில்லை. நாங்கள் அங்கிலிக்கன் சபை, அவர்கள் லூதரன்; பாதிரியார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயிலும் வெள்ளைக்காரர் காலத்துப் பழங்கட்டிடம்தான். பழுதானால் சபையார் சேர்ந்து இடிப்போம், பூசுவோம்; யாரிடமும் கேட்டதில்லை. சேமக்காலையிலும் அப்படித்தான். சீமெந்தில் கல்லறை கட்டி வெள்ளையடித்தால்தான் செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக மனம் ஆறும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை சைக்கிளில் சீமெந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், நானே குழைத்துச் சின்னக் கல்லறை ஒன்று கட்டினேன். ஈரச் சீமெந்தில் ரஞ்சி விரலால் சிலுவை கீறினாள். திங்கட்கிழமை, வளவைப் பராமரிக்கும் ஏரிக் எங்கள் வாசலில் நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை. கோபித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

"இது எண்ணூறு வருடத்துத் தேவாலயம். சுவர், வளவு எல்லாம் நாட்டின் புராதனச் சின்னம். அனுமதி இல்லாமல் நானே ஓர் ஆணி அடிக்க முடியாது," என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். "சீமெந்தை எடுக்கவேண்டும். சின்னக் கல் வைக்கலாம். அந்த இடத்துக்குக் கொடுத்த தவணை முடிந்து நீங்கள் புதுப்பிக்காவிட்டால் அதையும் எடுத்துவிடுவோம்."

ரஞ்சிக்குச் சொன்னேன்.

"சுவருக்கு எண்ணூறு வருசம், என்ரை பிள்ளைக்குத் தவணையோ? பிறகு அவளை எங்கை கொண்டுபோய்ப் போடுவினமாம்? கேளுங்கோ."

கேட்டேன். ஏரிக் திகைத்துப்போனார்.

"குழந்தையை யார் எடுப்பார்கள்? கல்லைத்தான் எடுப்போம். குழந்தை இங்கேயேதான் இருக்கும். அந்த மண்ணும் பாதுகாக்கப்பட்டதுதானே."

ரஞ்சி அழுதாள். ஆறுதலிலா, ஆற்றாமையிலா என்று எனக்கு இன்றும் தெரியாது. நானும் ஏரிக்குமாகச் சீமெந்தை உடைத்து அள்ளினோம்.

எங்கள் வதிவிட அனுமதியை இன்னும் பொலிஸில் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சண்டை ஓய்ந்தால் ஊருக்குப் போவோம் என்று முன்பெல்லாம் ரஞ்சிதான் கதையெடுப்பாள். இப்போது எடுப்பதில்லை. இந்த நாடு போகச் சொன்னால் நாங்கள் இருவரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். எங்கள் மூவரில் யாரிடமும் கேட்காமல் இங்கே இருக்கக்கூடியவள் மகள் ஒருத்திதான்.